ஒளி பிடிக்கும், ஒளி நகர்த்தும்: நுண் ரோபோக்களும் நம் ஒளியியல் பாடமும்

‘நானோ ரோபோ’ என்ற சொல்லை மாணவர்கள் பாடநூலில் படிப்பதற்கு முன்பே கைபேசியில் கேட்டுவிடுகிறார்கள். 2018இல் வந்த ‘2.0’ திரைப்படத்தில் குட்டி ரோபோக்கள் கூட்டமாக வந்து சண்டையிட்டன. இணையக் காணொளிகளில் கண்ணுக்குத் தெரியாத ரோபோ இரத்தக் குழாய்க்குள் நீந்திப் போய்ப் புற்றுநோய்க் கட்டியை அழிக்கிறது. “சார், இதெல்லாம் உண்மையா?” என்ற கேள்வி எந்த வகுப்பிலும் எந்த நாளும் எழலாம்.

“உண்மைதான்” என்று சொன்னால் அது பாதிப் பொய். “எல்லாம் சினிமா” என்று சொன்னாலும் பாதிப் பொய். கண்ணுக்குத் தெரியாத ரோபோக்கள் ஆய்வகங்களில் இருக்கின்றன. அவற்றில் சில நமக்குப் பக்கத்தில், பெங்களூருவில் உருவானவை. குவிக்கப்பட்ட லேசர் ஒளியால் அவற்றைப் பிடிக்கவும் நகர்த்தவும் முடிகிறது. ஆனால் காணொளியில் காட்டுவதற்கும் ஆய்வகத்தில் நடப்பதற்கும் நடுவே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இந்த ரோபோவின் ஆற்றல், அதற்கான கட்டளை, அதை நகர்த்தும் கை ஆகிய மூன்றும் பெரும்பாலும் ரோபோவுக்குள் இல்லை, வெளியே இருக்கின்றன. இந்த ஒன்றை மாணவர் புரிந்துகொண்டால், வியக்கவும் தெரியும், வதந்தியைச் சோதிக்கவும் தெரியும். அதைப் புரிய வைக்கத் தேவையான இயற்பியலில் பெரும்பகுதி நாம் நடத்தும் பாடங்களிலேயே இருக்கிறது.

எவ்வளவு சிறியது?

அளவுகோலின் மிகச் சிறிய பிரிவு 1 மில்லிமீட்டர். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு 1 மைக்ரோமீட்டர். அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு 1 நானோமீட்டர். எண்களாகச் சொன்னால் மாணவர் மனத்தில் எதுவும் நிற்காது. ஒப்பிட்டுக் காட்டலாம்.

ஒரு தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80 மைக்ரோமீட்டர். அந்த முடியை 30,000 மடங்கு பெரிதாக்கினால், 2.4 மீட்டர் அகலமுள்ள வகுப்பறைக் கரும்பலகையின் அகலத்துக்கு வரும். அதே கணக்கில் இரத்தச் சிவப்பணு ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருக்கும். 1 மைக்ரோமீட்டர் அளவுள்ள பாக்டீரியா ஒரு சிறிய எலுமிச்சை அளவு. 40 நானோமீட்டர் துகள் ஒரு கேழ்வரகு மணி அளவு. கரும்பலகையில் இந்த வட்டங்களை வரைந்து காட்ட ஐந்து நிமிடம் போதும்.

இப்போது கேட்போம்: எலுமிச்சை அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டிய இந்தப் பொருளுக்குள் மின்கலம், மோட்டார், கம்பி, கணினி எல்லாவற்றையும் எப்படி வைப்பது? பொம்மைக் காருக்குள் இருப்பவற்றை அப்படியே சுருக்கி வைக்க வழியில்லை. எனவே ஆய்வாளர்கள் வேறு வழியை நாடினார்கள். உள்ளே வைக்க முடியாததை வெளியிலிருந்து கொடுப்பது. வெளியிலிருந்து கொடுக்க உதவியவற்றுள் ஒன்று காந்தப்புலம். மற்றொன்று ஒளி.

ஒளிக்குத் தள்ளும் ஆற்றல் உண்டா?

ஒளி பொருளைத் தள்ளும் என்றால் மாணவர்கள் நம்ப மாட்டார்கள். வெயில் நம்மைச் சுடுகிறது, தள்ளுவதில்லையே என்பார்கள். நியாயமான கேள்விதான்.

வால்மீனின் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீள்வதைக் கண்ட கெப்ளர், சூரிய ஒளி அதைத் தள்ளுகிறது என்று 1619இலேயே கருதினார். தூசியால் ஆன வாலைப் பொறுத்தவரை அவர் எண்ணியது சரி. ஒளிக்கு அழுத்தம் உண்டு என்பதை 1873இல் மேக்ஸ்வெல் கோட்பாட்டு முறையில் கணித்தார். ரஷ்ய இயற்பியலாளர் லெபடேவ் அதை ஆய்வகத்தில் அளந்து 1901இல் வெளியிட்டார். ஃபோட்டானுக்கு நிறை இல்லாவிட்டாலும் உந்தம் உண்டு என்பதைப் பன்னிரண்டாம் வகுப்பில் நாம் நடத்துகிறோம். உந்தம் இருந்தால், அது மோதும் இடத்தில் விசை இருக்கும்.

அந்த விசை எவ்வளவு? ஒளி முழுவதும் உட்கவரப்படும்போது, விசை = ஒளியின் திறன் ÷ ஒளியின் வேகம். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1,000 வாட் சூரிய ஒளி விழுகிறது. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் ராயப்பன்பட்டியைச் சுற்றித் திராட்சைப் பந்தல்கள் நிறைய உண்டு. ஒரு ஏக்கர் பந்தல் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். அதன் மேல் விழும் வெயில் முழுவதையும் இலைகள் உட்கவர்ந்தால், அந்த ஒளி பந்தலைக் கீழே அழுத்தும் விசை 0.0135 நியூட்டன், அதாவது சுமார் 1.4 கிராம் எடை. ஒரு ஏக்கர் வெயிலின் அழுத்தம் ஒரு சிறிய திராட்சைப் பழத்தின் எடை அளவுதான். அதனால்தான் வெயில் நம்மைத் தள்ளுவதை நாம் உணர்வதில்லை.

இதே கணக்கை எதிர்முனையிலிருந்து போடுவோம். 1 மில்லிவாட் திறனுள்ள லேசர் கற்றை தரும் விசை ஏறத்தாழ 3.3 பிக்கோநியூட்டன். ஒரு நியூட்டனில் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்பது 1 பிக்கோநியூட்டன். அற்பமான விசை. ஆனால் அந்தக் கற்றையை ஒரு லென்ஸால் குவித்து, 1 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒரு பிளாஸ்டிக் மணியின் மேல் விழச் செய்தால் என்ன ஆகும்? மணியின் எடை 0.0054 பிக்கோநியூட்டன். ஒளியின் விசை மணியின் எடையைப்போல் ஏறத்தாழ 600 மடங்கு! அந்த ஒளியில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே பயன்பட்டாலும் 60 மடங்கு. நமக்கு அற்பமாகத் தெரியும் ஒளி, மிகச் சிறிய பொருளுக்குப் புயல். அளவு மாறும்போது எந்த விசை பெரிது, எது சிறிது என்பதே மாறிவிடுகிறது.

ஒளி இடுக்கி

தள்ளுவது சரி. பிடிப்பது எப்படி? அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஆர்தர் ஆஷ்கின் இதைக் கண்டறிந்தார். நீரில் மிதந்த நுண்மணிகளை லேசர் கற்றை முன்னோக்கித் தள்ளும் என்று அவர் எதிர்பார்த்தார், தள்ளியது. கூடவே, கற்றையின் ஓரத்தில் இருந்த மணிகள் பிரகாசமான நடுப்பகுதியை நோக்கி இழுக்கப்பட்டன. இதை 1970இல் வெளியிட்டார். கூர்மையாகக் குவிக்கப்பட்ட ஒரே ஒரு கற்றையால் மணியை அசையாமல் நிறுத்தும் முறையை 1986இல் அவரும் உடன் பணியாற்றியோரும் செய்து காட்டினார்கள். அதற்கு ஒளி இடுக்கி என்று பெயர். பொற்கொல்லர் சிறு கல்லை இடுக்கியால் எடுப்பதைப்போல, ஒளியால் ஒரு நுண்மணியை எடுக்கலாம். இதற்காக ஆஷ்கினுக்கு 2018ஆம் ஆண்டு நோபல் பரிசில் பாதி வழங்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 96.

இதன் விளக்கம் பத்தாம் வகுப்பு அறிவியலின் முதல் இரண்டு அலகுகளில் இருக்கிறது: இயக்க விதிகள், ஒளியியல். ஒளி ஊடுருவும் மணி ஒரு குவிலென்ஸைப்போல ஒளியை வளைக்கிறது. ஒளி திசை மாறினால் அதன் உந்தம் மாறுகிறது. உந்தம் மாற வேண்டுமானால் மணி ஒளியின் மேல் விசை செலுத்தியிருக்க வேண்டும். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி ஒளியும் மணியின் மேல் சமமான எதிர்விசையைச் செலுத்தும்.

மணி, கற்றையின் மையத்துக்குச் சற்று இடப்பக்கம் இருப்பதாகக் கொள்வோம். மணியின் வலப்பாதியில் விழும் ஒளி, மையத்துக்கு அருகில் இருப்பதால் செறிவு மிக்கது. அது மணிக்குள் நுழைந்து இடப்பக்கமாக வளைகிறது. அதன் எதிர்விசை மணியை வலப்பக்கம், அதாவது மையத்தை நோக்கி இழுக்கிறது. இடப்பாதியில் விழும் ஒளி வலப்பக்கம் வளைந்து, மணியை வெளியே தள்ளப் பார்க்கிறது. ஆனால் அங்கே ஒளிச்செறிவு குறைவு, எனவே தோற்றுப்போகிறது. மணி வலப்பக்கம் விலகியிருந்தால் எல்லாம் தலைகீழாகும். எந்தப் பக்கம் விலகினாலும் மணி மையத்துக்கே திரும்புகிறது. முன்னும் பின்னும் விலகினாலும் இதே கதைதான்: குவியத்தைத் தாண்டிப் போன மணி, விரிந்து செல்லும் கதிர்களை நேராக்கி முன்னோக்கி அனுப்புகிறது, அதன் எதிர்விசை மணியைக் குவியத்துக்கே பின்னிழுக்கிறது. இப்போது லேசர் குவியத்தை நகர்த்தினால், மணியும் கூடவே நகரும்.

இதை வகுப்பறையில் லேசர் இல்லாமல் காட்டலாம். ஒரு குழாயும் ஒரு கரண்டியும் போதும். குழாயில் நீரைச் சீராக ஒழுகவிட்டு, கரண்டிக் காம்பின் நுனியை இரண்டு விரல்களால் தளர்வாகப் பிடித்துத் தொங்கவிடுங்கள். கரண்டியின் குவிந்த முதுகை நீர்த்தாரையின் ஓரத்தில் மெல்லத் தொட வையுங்கள். நீர் கரண்டியைத் தள்ளிவிடும் என்றுதான் எல்லா மாணவர்களும் சொல்வார்கள். கரண்டியோ தாரைக்குள் இழுக்கப்படும். நீர் எந்தப் பக்கம் வளைந்து வெளியேறுகிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள். நீர் கரண்டியின் முதுகைத் தழுவி ஒரு பக்கம் வளைகிறது. கரண்டி மறுபக்கம் போகிறது. நீர் வளைவதற்கான காரணமும் ஒளி வளைவதற்கான காரணமும் வேறு. உந்தக் கணக்கு இரண்டிலும் ஒன்றே. இந்த வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.

ஆஷ்கின் குழுவினர் 1987இல் உயிருள்ள பாக்டீரியாக்களையும் இப்படிப் பிடித்தார்கள். பச்சை லேசர் அவற்றைச் சிதைத்தது. அகச்சிவப்பு லேசருக்கு மாறியதும் அவை ஒளிப்பிடியிலேயே உயிரோடு இருந்து பெருகின. உயிருள்ள செல்லைத் தொடாமல் பிடிக்கும் கருவி அன்று கிடைத்தது. இதனோடு நம் சர் சி.வி. இராமனின் கண்டுபிடிப்பும் இணைந்திருக்கிறது. ஓர் இரத்தச் சிவப்பணுவை ஒளி இடுக்கியால் பிடித்து நிறுத்தி, அதிலிருந்து வரும் இராமன் சிதறல் ஒளியை ஆராயும் முறை இன்று பயன்பாட்டில் உள்ளது. பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளில் சொல்வதற்கு ஏற்ற செய்தி இது.

நீந்த முடியாத உலகம்

நுண் ரோபோவுக்கு மோட்டார் இருந்தாலும் வேறொரு தடை உண்டு. ஆற்றில் குளிக்கும் சிறுவன் ஒருமுறை கையை வீசித் தண்ணீரைத் தள்ளினால், கை ஓய்ந்த பிறகும் சற்றுத் தூரம் மிதந்து போவான். நிலைமம் அவனைக் கொண்டுபோகிறது. பாக்டீரியா அளவில் நிலைமம் ஒரு பொருட்டே அல்ல, பாகுநிலையே எல்லாம். நீந்தும் பாக்டீரியா தன் இயக்கத்தை நிறுத்தினால், ஓர் அணுவின் அகலத்துக்கும் குறைவான தொலைவில் நின்றுவிடும் என்று எட்வர்ட் பர்செல் என்ற இயற்பியலாளர் கணக்கிட்டுக் காட்டினார். நமக்குத் தண்ணீராக இருப்பது அதற்கு வெல்லப்பாகைவிடக் கெட்டியானது. பதினோராம் வகுப்பில் நடத்தும் ரெனால்டு எண் சொல்வது இதைத்தான்.

இங்கே முன்னும் பின்னும் ஒரே மாதிரி துடுப்புப் போட்டால் பயன் இல்லை. முன்னே போன தூரம் பின்னே வந்துவிடும். அதனால்தான் பல பாக்டீரியாக்கள் திருகு வடிவக் கசையிழையைச் சுழற்றி நகர்கின்றன. திருகாணி மரத்துக்குள் இறங்குவதைப்போல, ஒவ்வொரு சுற்றுக்கும் சிறிது முன்னேற்றம். நுண் ரோபோ செய்தவர்களும் இந்த வடிவத்தைப் பாக்டீரியாவிடமிருந்தே கற்றார்கள்.

பெங்களூரு ரோபோக்கள்

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் அம்பரீஷ் கோஷ், 2009இல் அமெரிக்காவில் பீர் ஃபிஷருடன் சேர்ந்து, கண்ணாடிப் பொருளான சிலிக்காவில் நுண் திருகுகளைச் செய்து, சுழலும் காந்தப்புலத்தால் நீருக்குள் ஓட்டிக் காட்டினார். பின்னர் பெங்களூருவில் அவருடைய குழு இந்த ஆய்வைத் தொடர்ந்தது.

ரோபோ நகர்ந்தால் மட்டும் போதாது. எதையாவது எடுத்துச் செல்ல வேண்டும். இங்கேதான் ஒளி இடுக்கியின் எல்லை தடுத்தது. லென்ஸால் ஒளியை எவ்வளவு கூர்மையாகக் குவித்தாலும், அதன் அலைநீளத்தில் ஏறத்தாழ பாதிக்குக் கீழே குவிக்க முடியாது. மேலும் மணி சிறுத்தால் பிடியும் தளரும். 1 மைக்ரோமீட்டர் மணியைவிட 40 நானோமீட்டர் துகள் விட்டத்தில் 25 மடங்கு சிறியது. கன அளவில் 15,625 மடங்கு சிறியது. அதைப் பிடிக்க லேசரின் திறனைக் கூட்டிக்கொண்டே போனால், பக்கத்தில் இருக்கும் உயிருள்ள செல் வெந்துவிடும்.

இதற்கு வெள்ளி உதவியது. மிக நுண்ணிய வெள்ளித் துணுக்கின் மேல் ஒளி விழும்போது அதன் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து அலைகின்றன. அதனால் துணுக்கின் ஓரத்தில், எந்த லென்ஸாலும் உண்டாக்க முடியாத அளவு சிறிய ஒளிப்புள்ளி உருவாகிறது. அந்தப் புள்ளி ஒரு நுண் இடுக்கியாகச் செயல்படும். ஆனால் அதுவரை இத்தகைய இடுக்கிகள் கண்ணாடித் தளத்தில் நிலையாக ஒட்டியிருந்தன. துகள் தானாக அருகில் வரும்வரை காத்திருக்க வேண்டும். அம்பரீஷ் கோஷும் சௌவிக் கோஷும் 2018இல், காந்தத்தால் ஓடும் திருகுகளின் மேல் வெள்ளித் துணுக்குகளைப் பதித்து, இடுக்கியையே நடமாட வைத்தார்கள். அது துகளைத் தேடிப்போய்ப் பிடித்து, எடுத்துச் சென்று, வேண்டிய இடத்தில் விட்டது.

2019இல் அதே ஆய்வகம் காந்தத்தையும் விட்டுவிட்டு, முழுவதும் ஒளியாலேயே இதைச் செய்தது. நுண்ணிய சிலிக்காத் தண்டின் மேல் வெள்ளியால் ஆன நானோ வட்டத்தகடு. குவிக்கப்பட்ட லேசர், வழக்கமான ஒளி இடுக்கியாகத் தண்டைப் பிடித்து நகர்த்துகிறது. அப்போதே வெள்ளித் தகட்டின் ஓரத்தில் உண்டாகும் ஒளிப்புள்ளி சிறு துகளைப் பிடித்துக்கொள்கிறது. தண்டு வண்டி, தகடு கை. இரண்டையும் இயக்குவது ஒளி. இப்படி 40 நானோமீட்டர் துகள்வரை பிடிக்க முடிந்தது. நாம் கரும்பலகையில் வரைந்த கேழ்வரகு மணி நினைவிருக்கும். அதுவும் உயிருள்ள நுண்ணுயிரிகளுக்குத் தீங்கு விளைவிக்காத ஒளிச்செறிவில்! மிளிரும் நானோ வைரத் துகள்கள், காந்த நானோத் துகள்கள் ஆகியவற்றை ஒரே நேரத்தில் தனித்தனியாக நகர்த்தவும் முடிந்தது.

தமிழ்நாட்டிலும் சென்னை ஐ.ஐ.டி.யின் இயற்பியல் துறையில் ஒளி இடுக்கி ஆய்வு நடக்கிறது. நம் பள்ளியிலிருந்து போகும் ஒரு மாணவி நாளை அந்த ஆய்வகத்தில் நிற்கலாம். அதற்கு முதல் படி ஒளிவிலகல் படத்தை மதிப்பெண்ணுக்காக மட்டும் வரையாமல், புரிந்து வரைவது.

ஒளி கட்டளையாகும்போது

ஒளி பிடிப்பது ஒரு வழி. ஒளியைக் கட்டளையாகவும் உணவாகவும் கொடுப்பது இன்னொரு வழி. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இத்தாய் கோஹன், பால் மெக்யூன், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் மிஸ்கின் ஆகியோரின் குழு 2020இல் நடக்கும் நுண் ரோபோவை வெளியிட்டது. தடிமன் ஏறத்தாழ 5 மைக்ரோமீட்டர், அகலம் 40, நீளம் 40 முதல் 70. ஒரு பரமீசியத்தைவிடச் சிறியது. முதுகில் நுண் சூரிய மின்கலங்கள், நான்கு கால்கள். பிளாட்டினமும் டைட்டானியமும் கொண்ட மெல்லிய பட்டைகளால் ஆன கால்கள், மின்னழுத்தம் மாறும்போது மடங்கி நிமிரும். ஒரு மின்கலத்தின் மேல் லேசர் துடிப்பு விழுந்தால் முன்னங்கால்கள் அசையும். வேறொன்றின் மேல் விழுந்தால் பின்னங்கால்கள். மாறி மாறி ஒளி பாய்ச்சினால் ரோபோ நடக்கும். தேவைப்படும் மின்னழுத்தம் 200 மில்லிவோல்ட், திறன் 10 நானோவாட். கணினிச் சில்லு செய்யும் முறையிலேயே, 4 அங்குல சிலிக்கான் தட்டிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ரோபோக்களைச் செய்யலாம்.

இந்த ரோபோவுக்குள் மின்னணுச் சுற்று உண்டு. ஆனாலும் லேசரை அணைத்தால் அது நின்றுவிடும். எந்தக் காலை எப்போது அசைப்பது என்று முடிவு செய்பவர் லேசரை இயக்கும் மனிதர்.

உடலுக்குள் போகுமா?

இப்போது மாணவரின் கேள்விக்கு வருவோம். இந்தக் கேள்வியைக் கேட்பவர் வெறும் ஆர்வத்தால் மட்டும் கேட்பதில்லை. வீட்டில் அம்மாவோ தாத்தாவோ புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருக்கலாம். ஒரே ஊசியில் ரோபோ எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று யாரோ அனுப்பிய காணொளியைப் பார்த்துவிட்டு, அந்தப் பிள்ளை நம்மிடம் வந்திருக்கலாம். கிராமத்தில் பெற்றோரும் ஆசிரியரிடம்தான் கேட்கிறார்கள். நாம் சொல்லும் பதிலைப் பொறுத்து ஒரு குடும்பம் நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையைத் தொடரலாம், அல்லது நிறுத்தவும் கூடும்.

கைபேசியின் டார்ச்சை விரல் நுனியில் ஒட்டிவைத்து இருட்டில் பார்க்கச் சொல்லுங்கள். விரல் சிவப்பாக ஒளிரும். ஆனால் உள்ளே இருக்கும் எலும்பு தெளிவாகத் தெரியாது. சிவப்பு ஒளி ஓரளவு ஊடுருவுகிறது; ஆனாலும் வழியெல்லாம் சிதறிவிடுகிறது. ஒரு சென்டிமீட்டர் விரலுக்குள்ளேயே நிழல்கூடத் தெளிவாக விழாத ஒளியை, உடலின் ஆழத்தில் ஒரு மைக்ரோமீட்டர் புள்ளியாகக் குவிப்பது எப்படி? இதனால்தான் லேசரால் நகரும் ரோபோக்கள் பெரும்பாலும் நுண்ணோக்கியின் கீழே, ஒளி புகும் நீர்மத்துக்குள் வேலை செய்கின்றன. தனிச் செல்லை ஆராய அவை அரிய கருவிகள். உடலுக்குள் அனுப்பும் மருத்துவர்கள் அல்ல.

உடலுக்குள் செல்ல வேண்டிய இடத்தில் ஆய்வாளர்கள் காந்தப்புலத்தையே நாடுகிறார்கள். காந்தப்புலம் தசையையும் எலும்பையும் தடையின்றிக் கடக்கும். இந்திய அறிவியல் கழகத்தில் தொடங்கிய தெரநாட்டிலஸ் நிறுவனமும் கழகத்தின் ஆய்வாளர்களும் 2022இல் வெளியிட்ட ஆய்வில், பல்லின் வேர் சிகிச்சையின்போது எட்டாமல் போகும் நுண்குழல்களுக்குள் காந்தத்தால் நானோ ரோபோக்களைச் செலுத்தி, வெப்பத்தால் பாக்டீரியாக்களைக் கொன்று காட்டினார்கள். பிடுங்கிய பற்களில் செய்த சோதனையில் அவை ஏறத்தாழ 2,000 மைக்ரோமீட்டர், அதாவது 2 மில்லிமீட்டர் ஆழம் சென்றன. இரண்டு மில்லிமீட்டர் என்பதைக் கேட்டு மாணவர் ஏமாற்றம் அடையலாம். அறிவியல் இப்படி மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத்தான் முன்னேறுகிறது என்று சொல்ல அதுவே நல்ல தருணம்.

எந்தச் செய்தி வந்தாலும் மாணவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகட்டும். ஒன்று: இதற்கு ஆற்றல் எங்கிருந்து வருகிறது? இரண்டு: கட்டளை எந்த வழியாகப் போகிறது? மூன்று: இதைச் சோதித்தது எதில், கண்ணாடித் தட்டிலா, விலங்கிலா, மனிதரிலா? கொரோனா காலத்தில் தடுப்பூசிக்குள் சில்லு வைத்து நம்மைக் கண்காணிக்கிறார்கள் என்ற வதந்தி பரவியதை மறந்திருக்க மாட்டோம். முதல் இரண்டு கேள்விகளே அதை உடைத்துவிடும். ஊசித் துளை வழியே போகும் அளவுள்ள பொருளுக்கு, சற்று அப்பால் லேசரோ காந்தச் சுருளோ நின்று ஆற்றல் கொடுக்காவிட்டால், அது வெறும் தூசி. தூசிக்குள்ளிருந்து தொலைதூரத்துக்குச் செய்தி அனுப்ப யாராலும் முடியாது.

வகுப்புக்கு ஏற்றபடி

தொடக்க வகுப்புகளில் அளவு ஒப்பீடும் கரண்டி விளையாட்டும் போதும். கூரை ஓட்டையின் வழியே விழும் வெயிற்கற்றையில் தூசிகள் ஆடுவதைக் காட்டி, கண்ணுக்குத் தெரியாதவை எத்தனை நம்மைச் சுற்றி இருக்கின்றன என்று பேசலாம். அந்தத் தூசியை ஆட்டுவது காற்று, ஒளி அல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, வானவில் மன்றச் செயல்பாடுகளோடு டார்ச் சோதனையைச் சேர்க்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு கோலிக்குண்டுகளை, ஒன்றைத் தண்ணீரிலும் மற்றொன்றை விளக்கெண்ணெயிலும் போட்டு, அடியைத் தொடும் நேரத்தை அளக்கச் சொல்லலாம். பாக்டீரியாவுக்குத் தண்ணீரே விளக்கெண்ணெயைவிடக் கெட்டி என்று அப்போது சொன்னால் புரியும்.

ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் ஒளிவிலகல் படத்தை வரைந்தபின், கதிர் எந்தப் பக்கம் வளைந்ததோ அதன் எதிர்ப்பக்கம் லென்ஸின் மேல் ஓர் அம்புக்குறியை மாணவரே போடட்டும். ஒளியியலும் மூன்றாம் விதியும் ஒரே படத்தில் சந்திக்கும். ஏக்கர் கணக்கையும் மில்லிவாட் கணக்கையும் பத்தின் அடுக்குகளுக்கான பயிற்சியாகக் கொடுக்கலாம். மேல்நிலை வகுப்பில் ஸ்டோக்ஸ் விதியையும் ஃபோட்டானின் உந்தத்தையும் இதனோடு இணைத்துக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை

இந்தப் பாடத்தைக் கேட்ட மாணவர்கள் அடுத்த நாளே லேசர் விளக்கோடு வரக்கூடும். திருவிழாக் கடைகளில் அவை எளிதாகக் கிடைக்கின்றன. மில்லிவாட் ஒளியைக் குவித்தால் அதன் செறிவு எவ்வளவு கூடும் என்று நாம்தானே கணக்குப் போட்டுக் காட்டினோம்! நம் கண்ணுக்குள்ளும் ஒரு குவிலென்ஸ் இருக்கிறது. இணையாக வரும் லேசர் கற்றையை அது விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவிக்கிறது. நுண்மணியைப் பிடிக்கும் அதே குவிப்பு விழித்திரையைச் சுடும். விழித்திரைக்கு வலி தெரியாது. எரிந்த இடத்தில் பார்வை திரும்பாமலும் போகலாம். மலிவான விளக்குகளின் மேல் ஒட்டியிருக்கும் திறன் அளவை நம்ப முடியாது. பச்சை லேசர் சிலவற்றில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் சேர்ந்து வரும். அதைக் கண்டு இமை மூடாது. எனவே லேசர் விளக்கை மாணவர் கையில் கொடுக்க வேண்டாம். கண்ணாடி, பாத்திரம் போன்ற பளபளப்பான பரப்புகளில் பட்டுத் திரும்பும் கற்றையும் ஆபத்துதான். இந்தக் கட்டுரையில் சொன்ன எந்தச் செயல்பாட்டுக்கும் லேசர் தேவையில்லை.

அடுத்த முறை “சார், நானோ ரோபோ உண்மையா?” என்ற கேள்வி வந்தால், முதலில் அந்த மாணவரைக் குழாயடிக்கு அழைத்துப் போய்க் கையில் ஒரு கரண்டியைக் கொடுக்கலாம். பிறகு டார்ச்சை விரலில் வைக்கச் சொல்லலாம். கரண்டி சொல்வது, ரோபோவை ஒளி எப்படி நகர்த்துகிறது என்பதை. விரல் சொல்வது, அது ஏன் இன்னும் நம் உடலுக்குள் வரவில்லை என்பதை. இரண்டையும் பார்த்த மாணவர், கைபேசியில் வரும் அடுத்த காணொளியைக் கேள்வியோடுதான் பார்ப்பார்.

கட்டுரையாளர்: அறிவியல் பட்டதாரி ஆசிரியர், ராயப்பன்பட்டி, தேனி மாவட்டம்.